புள்ளிப் பூனையும் தெருப்பூனையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

சேலத்தில் வசதி படைத்த சிலர் வீடுகளுக்குப் ‘பெங்கால் பூனை’ வந்துவிட்டது. சிறுத்தையைச் சுருக்கி மடியில் வைத்தாற்போல் உடலெங்கும் கரும்புள்ளிகள். வெயில் பட்டால் பொன்தூள் தூவியதுபோல் மின்னும் மயிர். விலையோ பதினாயிரக் கணக்கில். வங்காளத்துக் காட்டிலிருந்து நேரே பிடித்து வந்தது என்று எண்ணுவோரும் உண்டு. வங்காளத்திற்கும் இதற்கும் உள்ள உறவு பெயரளவில்தான்.

ஆசியக் காடுகளில் சிறுத்தைப் பூனை என்றொரு காட்டினம் வாழ்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. கடுங்கோடை அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே நம் சேலம், நாமக்கல் சமவெளியில் அதைத் தேடுவது வீண். 1792இல் இராபர்ட் கெர் என்பவர் அதற்குச் சூட்டிய அறிவியல் பெயரில் ‘பெங்காலென்சிஸ்’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்தான் பின்னாளில் வீட்டுப் பூனைக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டுப் பூனை பிறந்த இடம் அமெரிக்கா! கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் மில் என்ற அம்மையார் வைத்திருந்த சிறுத்தைப் பூனைக்கும் ஒரு கறுப்பு நாட்டுப் பூனைக்கும் 1963இல் குட்டி பிறந்தது. அந்நாளில் காட்டுப் பூனைக் குட்டிகளை அங்கே கடைகளிலேயே விற்றார்கள். தோலுக்காகவும் அவற்றைக் கொன்றார்கள். புள்ளி போட்ட சாதுவான பூனை வீட்டிலேயே கிடைத்துவிட்டால் காட்டை விட்டுவிடுவார்கள் என்பது அம்மையாரின் எண்ணம். இடையில் முயற்சி நின்றது. 1970களில் டாக்டர் வில்லர்ட் சென்டர்வால், பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்வதற்காக இதே கலப்பைச் செய்தார். அவரிடமிருந்து கலப்பினப் பூனைகளைப் பெற்று அம்மையார் மீண்டும் தொடங்கினார். 1986இல் ‘டிகா’ என்னும் பன்னாட்டுப் பூனைச் சங்கம் இதைப் புது இனமாக ஏற்றது.

கலப்பினம் என்பது நமக்குப் புதிதன்று. ஜெர்சிக் கலப்புப் பசுவைக் கட்டியிருக்கும் எங்கள் ஊர்த் தாய்மார்கள், சீமை இரத்தம் கூடினால் பாலும் கூடும், வெயில் தாங்காமல் மாடு இளைக்கவும் செய்யும் என்பதை எந்தப் பாடநூலும் படிக்காமல் அறிவார்கள். பூனையிலும் அதே கணக்குத்தான். முதல் தலைமுறையில் காட்டு இரத்தம் பாதி, அடுத்து கால், பிறகு அரைக்கால். இரண்டு இனத்திற்கும் குரோமோசோம்கள் 38 என்றாலும், முதல் சில தலைமுறைகளில் ஆண் குட்டிகள் மலடாகவே பிறக்கும். பெண்வழியாகத்தான் இனம் தொடரும். நான்காம் தலைமுறையிலிருந்தே இதை வீட்டு விலங்காகக் கொள்வது வழக்கம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1982இல் ஜீன் மில் டெல்லி விலங்குக் காட்சி சாலைக்கு வந்தார். அங்கே காண்டாமிருகக் கொட்டிலில் ஒரு தெருப்பூனை திரிந்துகொண்டிருந்தது. பொன்னிற மயிர், அதில் கரும்புள்ளி. அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று தம் பூனைகளோடு சேர்த்தார். இன்று பதினாயிரம் பதினாயிரமாகக் கொடுத்து வாங்கும் அந்த மின்னும் மயிர், இந்த டெல்லித் தெருப்பூனை தந்த சீதனம் என்பதே வளர்ப்பாளர்கள் கூற்று. 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்றும் இதற்கு அரண் செய்கிறது. இன்றைய பெங்கால் பூனையில் காட்டு இரத்தம் சராசரியாக நூற்றுக்கு மூன்றரைப் பங்குதானாம். அதன் தோற்ற அழகில் பெரும்பகுதி வீட்டுப் பூனையின் மரபணுக்களிலிருந்தே வந்ததாம். காட்டைக் காசு கொடுத்து வாங்கினோம் என்று நினைப்பவர்கள் வாங்கியது பெரும்பாலும் தெருவைத்தான்! வாசலில் வந்து கத்தும் பூனையைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு, அதன் உறவுக்காரப் பூனைக்குக் குளிர்சாதன அறை கொடுக்கிறோம்.

“பணம் இருக்கிறவன் வாங்குகிறான், உனக்கென்ன?” என்று வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டார். பொறாமை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் பூனை பத்துப் பதினைந்து ஆண்டு வாழும் உயிர். அதிலும் இது ஓயாத பூனை. அலமாரி உச்சியில் ஏறும், குழாய்த் தண்ணீரில் விளையாடும், தனியே விட்டால் உரக்கக் கத்தும், திரைச்சீலையைக் கிழிக்கும். ஏறி இறங்க உயரமான இடமும் நாள்தோறும் விளையாட ஆளும் இல்லாத வீட்டில் இதைக் கூண்டில் அடைப்பது கொடுமை அல்லாமல் வேறென்ன? இவ்வினத்தில் பரம்பரையாகப் பார்வையைப் பறிக்கும் கண்நோய் ஒன்றும் உண்டு. தாய் தந்தைக்கு மரபணுச் சோதனை செய்ததா என்று கேட்காமல் யாரும் குட்டி வாங்கக்கூடாது.

எந்தப் பூனைக்கும் பொருந்தும் ஒரு சொல். தயிர்ச்சோறு மட்டும் போட்டுப் பூனை வளர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதுமான அளவு உண்டு. அது குறைந்தால் பூனைக்குக் கண் கெடும் என்று 1975இலேயே கண்டறிந்தார்கள். இதயமும் கெடும் என்பது 1987இல் தெரிந்தது. கோழிக்குப் பஞ்சமில்லாத நாமக்கல்லில் இந்தக் குறை ஏன்? உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டும் ஈரலும், வெந்த நீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். வெங்காயம் பூனைக்கு நஞ்சு. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் தெருப்பூனைக்கும் தேவையே. என் பெற்றோர் வேலை செய்யும் கோழிப்பண்ணையில் தீவனக் கிடங்கைக் காப்பது விலையில்லாத ஒரு சாம்பல் பூனை. எலி பிடித்தே பிழைக்கும் அதற்கு இன்றுவரை ஊசி போட்டவர் இல்லை.

புள்ளி மோகத்தால் வரும் மற்றொரு கேடுதான் எனக்கு அச்சம் தருவது. சங்கப் புலவர்கள் வெருகு என்று குறித்த காட்டுப்பூனை நம் கரும்புக் காடுகளில் இன்றும் குட்டி போடுகிறது. வளர்ந்தபின் மங்கிய மணல் நிறம்தான். குட்டியிலோ கோடும் புள்ளியும் நன்றாகத் தெரியும். கரும்பு வெட்டும்போது கண்ணில் பட்டால், ‘சிறுத்தைக் குட்டி’ என்று பயந்து கூட்டம் கூடும். அல்லது அழகாக இருக்கிறதென்று யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். பாலுக்கு ஏங்கியே பல குட்டிகள் செத்துப்போகும். பிழைத்தாலும் அது பெங்கால் பூனை ஆகாது. கடிக்கும் பருவம் வந்ததும் தெருவில்தான் விடுவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். குட்டியைத் தொடாமல், அந்த மூலைக் கரும்பை மட்டும் மறுநாளைக்கு விட்டுவைத்து ஆட்கள் விலகிக்கொண்டால், தாய்ப்பூனை பெரும்பாலும் இரவுக்குள் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்றுவிடும். வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லலாம். ஊருக்குப் போகும் நண்பர்கள் இந்த ஒரு செய்தியை வெட்டுக்கூலிக்குச் செல்லும் தம் வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டுகிறேன்.