வறியோர் உணவும் வளமே

ஒரு நாட்டின் பெருமை கோட்டை கொத்தளங்களில் மாத்திரமன்றி அடுக்களையிலும் உறைகின்றது என்பது எமது துணிபு. இவ்வுண்மையைச் சுவிற்சர்லாந்து மக்கள் நன்குணர்ந்துள்ளனர். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையின் பயனாக, மரபுவழி உணவுப் பொருள்கள் ஏறத்தாழ 400 ஆராயப்பெற்று, 2008ஆம் ஆண்டளவில் ஏட்டிற் பதியப்பெற்றன.

அப்பட்டியலில் உலகறிந்த பாற்கட்டிகளுடன் வலே மாநிலத்துக் கரிய பாணும் சரியாசனம் பெற்றுள்ளது. கோதுமை எளிதில் விளையாத மலைச்சரிவுகளில் வாழ்ந்த குடியானவர், றை என்னும் தானியத்தை அரைத்து, ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில முறையே சுட்டு, மாதக்கணக்காக வைத்துண்ட பாண் அது. வறுமையிற் பிறந்த அவ்வுணவைக் குறித்து அவர்தம் வழித்தோன்றல்கள் நாணினாரல்லர். 2004இல் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் தேடினர்.

எனினும், ஏடு மாத்திரம் உணவைக் காவாது. உண்பாரின்றேல் அது வெறும் பெயராகவே எஞ்சும். ஆதலினாலன்றோ இன்றும் செய்யப்பெறுவனவற்றையே அப்பட்டியல் ஏற்றுக்கொண்டது!

எம்மவர் பலர் குடியேறி வாழும் அந்நாட்டினின்றும் நாம் கற்கத்தக்க பாடம் இதுவே. மாணவ மணிகாள்! பாட்டியின் கைப்பக்குவம் மறையுமுன் கேட்டு எழுதுமின். எழுதியதைச் சமைத்து உண்மின். முன்னோரின் எளிய உணவை இகழ்வோர் அவர்தம் உழைப்பையே இகழ்வோராவர்.