முதலீட்டாளரை அழைக்குமுன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தின் பொருளாதார அபிவிருத்தி பற்றிய கூட்டமொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். முதலீட்டாளரை எவ்வாறு கவர்ந்திழுப்பது என்பதே பேசுபொருள். வரிச்சலுகை, காணி, வீதி, விமான நிலையம் எனப் பட்டியல் நீண்டது. மூன்று மணி நேரத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவர்தான் பேசினார். அதுவும் மேசையில் தண்ணீர்ப் போத்தல் இல்லை என்பதற்காக.

வடக்குக்குக் கைத்தொழில் புதிதன்று. சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இணைத்தே பேசப்படுகின்றன. காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல் இருந்தது. அருகிலேயே துறைமுகமும் ரயில் பாதையும் இருந்தன. பரந்தனுக்கு ஆனையிறவு உப்புக் கிடைத்தது. இடத்தின் வளத்தைப் பார்த்துத் தொழில் வந்தது. அதனை நம்பிப் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. எனது பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊரிலும் 'சீமெந்து பக்டரியில் வேலை' என்றால் அதற்குத் தனி மரியாதை இருந்தது.

யுத்தம் அதனை விழுங்கியது. 1990இல் காங்கேசன்துறை ஆலை மூடப்பட்டது. சூழவிருந்த ஊர்களும் இடம்பெயர்ந்தன. இயங்காது கிடந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியுடன் 2014இல் மீளத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி இப்போது பேசப்படுகிறது. வரவேற்கிறேன். ஆனால் பாதை திறந்தாற் போதுமா?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீரைச் சுண்ணாம்புப் பாறை தேக்கி வைக்கிறது. அதனையே கிணறுகள் நமக்குத் தருகின்றன. பாறையை ஆழமாகத் தோண்டினாலோ, தண்ணீரை அளவுமீறி இறைத்தாலோ உவர்நீர் உட்புகும். மேலே கொட்டும் கழிவு கீழே இறங்கும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது குறித்து 2015இல் எழுந்த கொந்தளிப்பை நாம் மறந்துவிட்டோமா? தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அது மக்களின் குடிநீருக்கானது. அதனை நம்பித் தண்ணீர் குடிக்கும் ஆலைகளை அழைப்பது மடமை.

கட்டுநாயக்க தரும் பாடமும் உண்டு. 1978இல் அங்கு சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பமானது. ஆயிரமாயிரம் கிராமத்து யுவதிகளுக்கு அது சம்பளம் தந்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் வேலிக்குள் திட்டமிட்டவர்கள் வேலிக்கு வெளியே திட்டமிடவில்லை. வேலை முடிந்து வந்த பெண்கள் நெருக்கமான வாடகை அறைகளில் ஒடுங்கினார்கள். வரிச்சலுகை கம்பனிக்குக் கிடைத்தது. நெரிசல் ஊருக்குக் கிடைத்தது.

ஆகவே எனது கருத்து இதுதான். வலயத்தின் எல்லைக்கல்லை நடுமுன், அந்த இடம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற கணக்கு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு விடை இல்லாத ஆலைக்கு அனுமதி கூடாது. மீன், பனை, பழம், மரக்கறி ஆகியவற்றைப் பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கும், மேசையும் மின்சாரமும் இணைய வசதியுமே மூலதனமான தகவல் தொழில்நுட்பத்துக்கும் முதலிடம் தரப்பட வேண்டும். ஏற்கெனவே இங்கு தொழில் செய்து, கடனுக்கும் அனுமதிக்கும் அலைந்து களைத்தவரும் முதலீட்டாளரே. அவருடைய ஒரு கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்பும் அலுவலகம், பத்து மாநாடுகளைவிடப் பெரிய விளம்பரம்.

புலம்பெயர்ந்த நமது உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் தவிப்பை நான் அறிவேன். பணத்தோடு வரும்போது, உங்கள் நாட்டு நகரசபை ஓர் ஆலைக்கு அனுமதி வழங்குமுன் கேட்கும் அதே கேள்விகளை இங்கும் கேளுங்கள். ஆலை நட்டப்பட்டால் இன்னொன்று கட்டலாம். உவர்ந்துபோன கிணற்றை எந்த முதலீட்டாளர் திருப்பித் தருவார்?