தெருவில்லாத திண்ணை

சென்ற மாதம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தபோது எங்களில் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இடிந்து கிடந்த ஓட்டு வீடொன்றைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கிப் புதுப்பித்து வாழ்வதைப் பற்றியது அது. காரைக்குடியிலிருந்து லாரியில் வந்த தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முற்றத்தில் தாமரைத் தொட்டி, குளிர்சாதன இயந்திரத்தை மறைக்க ஒரு மூங்கில் தட்டி. நண்பர் இதற்கு 'மரபின் மீட்சி' என்று பெயர் சூட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் மௌனத்தைப் பொறாமை என்று ஒருவரும் அரசியல் என்று இன்னொருவரும் அர்த்தப்படுத்திக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வீட்டை நானும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஸௌகரியமாகவும் இருக்கிறது. வீடு ஸௌகரியமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. அஸௌகரியத்தைக் கலாசாரம் என்று கொண்டாடுகிறவன் நானில்லை. என்னை உறுத்தியது அதன் திண்ணை. வீட்டைச் சுற்றிப் பத்தடி உயர மதில். மதிலுக்கு இரும்புக் கதவு, கதவுக்குக் காவலாள். இத்தனைக்கும் உள்ளே, புல்தரையைப் பார்த்தபடி, சிவப்பு வண்ணம் பூசி வழவழவென்று ஒரு திண்ணை. வழிப்போக்கன் அதைப் பார்க்கக்கூட முடியாது. திண்ணை என்பது வீடு தெருவுக்கு விட்டுக்கொடுத்த இரண்டு முழ இடம். தெருவை வெளியே தள்ளிப் பூட்டியபின் மிஞ்சுவது உட்காரும் பலகை. நண்பரின் கட்டுரையில் இந்த மதில் இடம்பெறவில்லை. அவர் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தது எழுத்தில் வரவில்லை. நமது ரஸனையின் லக்ஷணமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் நண்பர் கேட்டுக்கொள்ளவில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒன்று இருக்கிறது. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலை, கதவு, தூண், உத்தரம், பீங்கான், பித்தளை எல்லாம் அங்கே கடை கடையாக அடுக்கிக் கிடக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்து ஈட்டிய பணத்தில் எழுந்த வீடுகள் அவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தது, அதன்பின் நிலமும் தொழிலும் கைவிட்டுப் போனது என்று அடிமேல் அடி. பங்காளிகள் பெருகி ஒருவரும் பராமரிக்க முடியாத நிலை வந்தபோது வீடு மரமாகவும் கல்லாகவும் பிரித்து விற்கப்பட்டது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கடைத்தெரு அதற்காக மூடிவிடவில்லை. ஆகவே திருவள்ளூரில் ஒரு வீடு 'மீட்சி' பெற வேண்டுமானால் சிவகங்கைச் சீமையில் ஒரு வீடு விழ வேண்டும். மீட்சி என்ற சொல்லைக் கொஞ்சம் கூசித்தான் உச்சரிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. நாம் மரபு என்று தடவிப் பார்த்து நெகிழ்கிற பொருட்களில் பாதி அந்தக் காலத்துப் புதுமைகள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்தெடுப்பது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. கிராமத்து வீட்டின் முகமாகவே ஆகிவிட்ட சீமை ஓடு, பாஸல் மிஷன் பாதிரிகள் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. அதற்கு முன் குயவர் செய்த நாட்டு ஓடுதான். கட்டியவர்கள் மரபைக் காக்கிறோம் என்று எண்ணிக் கட்டவில்லை. வசதியும் அந்தஸ்தும் கிடைக்கும் என்று தங்கள் காலத்தின் புதுச் சரக்கை வாங்கினார்கள். பிறகு அந்தச் சுவர்களுக்குள் மூன்று தலைமுறை பிறந்தது, செத்தது, சண்டை போட்டது, ஒழுகும் ஓட்டை மாற்றியது. வீட்டுக்குக் குணம் என்று ஒன்று சேர்ந்தால் அப்படித்தான் சேரும். நம்முடைய மோஸ்தர் இந்தக் காலத்தைக் கழித்துவிட்டுத் தூணை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இனி நான் வாழும் பக்கத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றிய கிராமங்களிலும் பழைய வீடுகள் புதுப்பிக்கப்படுகின்றன. இதைப் பற்றி யாரும் கட்டுரை வாசிப்பதில்லை. சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் தங்க இடம் வேண்டும். ஊர்க்காரர் தம் ஓட்டு வீட்டுக் கூடத்தில் குறுக்குச் சுவர் எழுப்புகிறார். முற்றத்துக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ் போடுகிறார். மாட்டுக் கொட்டிலுக்குக் கதவு வைத்து அதையும் அறையாக்குகிறார். வீடு லைன் வீடாகிறது. பகல் ஷிப்டுக்கு ஒருவன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்தவன் படுக்கிறான். எங்கள் ஊரில் பழைய வீடு அடைந்த உண்மையான மாறுதல் இதுதான். அசிங்கமான மாறுதல், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் மனிதர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். மேற்கே மதிலுக்குள் இருக்கும் கூடத்தில் சனி ஞாயிறுகளில் இரண்டு பேர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்த அழகியலும் அரைக் கண்ணால் பார்ப்பது. நாம் அரைக் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டோம்.

என் பங்குத் தவறையும் சொல்லவேண்டும். ஆரணியாற்றுப் பக்கம் என் பாட்டன் விட்டுப்போன ஒரு மண்சுவர் வீடு எனக்கும் இருக்கிறது. பனஞ்சட்டம், நாட்டு ஓடு, ஒரு சின்ன முற்றம். பல வருஷங்களுக்கு முன் சுவர் உதிர்கிறது என்று நல்ல கெட்டியாக சிமெண்ட் பூசினேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு அடிச்சுவர் வியர்த்தது, உப்புப் பூத்தது, பூச்சு பெயர்ந்து பாளம் பாளமாக விழுந்தபோது உள்ளே இருந்த மண்ணையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அப்போதுதான் பழைய கையான ஒரு மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவர் சொன்ன விஷயம் எளிமையானது. மண்சுவர் தரையிலிருந்து ஈரம் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வாயை அடைத்துவிடும். சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும். மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட வேண்டும். பூசியபின்னும் அது அவசரப்படாது; காற்றிலுள்ள கரிவாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் கட்டைக்குத்து ஒட்டும் அவருக்குத் தெரியும். உத்தரத்தின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே சல்லிக்காரை போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்குவது. அவருக்குப் பின் இதைச் செய்ய அவர் வீட்டிலேயே ஆளில்லை. பிள்ளைகள் கம்பி ஆலையில்.

வேலை நடந்த நாட்களில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே காலனியில், 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் கூரையை எடுத்துவிட்டுக் கட்டிய கான்கிரீட் வீடு. சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஒரு மூலையில் ஒழுகிய கறை. படித்தவன் புத்தி, நான் கேட்டேன்: "என்ன மேஸ்திரி, இத்தனை தெரிந்த நீங்கள் இதிலா இருக்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். "ஒழுகறது எல்லா வீட்டுக்கும் உண்டுங்க. இது எரியாது."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது ஒரு குடிசைக்குள். தீ வைத்தால் எரியக்கூடிய கூரையின்கீழ் தலைமுறை தலைமுறையாகப் படுத்தவனுக்கு கான்கிரீட் என்பது வெறும் கட்டடப் பொருளில்லை. இன்று கடற்கரைச் சாலை ஓய்வு விடுதிகளில் கீற்றுக்கூரைக்குக் கூடுதல் வாடகை. மறுபக்கம் 2030க்குள் குடிசையே இல்லாமல் ஆக்குவோம் என்று அரசு 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிறது. கீற்றை ஒருவன் விலை கொடுத்து வாங்குகிறான். இன்னொருவன் அதிலிருந்து தப்பி ஓடுகிறான். ரஸனையைப் பற்றிப் பேசுகிறவன் இதைப் பேசாமல் நகர முடியாது. எகிப்தில் ஹஸன் ஃபாத்தி என்ற பெரிய கலைஞர் 1940களில் குர்னா மக்களுக்காக மண்ணாலேயே ஓர் ஊரைக் கட்டினார். உலகம் வியந்த ஊர். குர்னாக்காரர்கள் அங்கே குடிபோக மறுத்தார்கள். பழைய கல்லறைகளை ஒட்டியே அவர்கள் பிழைப்பு இருந்தது. அதைவிட்டு எழுந்துவர அவர்கள் தயாராக இல்லை. அழகான வீட்டைக் கட்டியவர் அதை யார் எதற்காக விரும்புவார்கள் என்பதைத் தானே முடிவு செய்துவிட்டார்.

அப்படியானால் பழையதை இடித்துத் தள்ளு என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. இடிப்பது சுலபம், அதைவிட அசட்டுத்தனமும். ஒரு மண்சுவரை இடித்தால் அதன் இடத்தில் எழும் சுவருக்குச் செங்கல் எங்கள் மாவட்டத்துச் சூளைகளிலிருந்து வரும். மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அதை அறுத்திருப்பார்கள். நிற்கிற சுவரைக் காப்பாற்றுவதே நியாயம். பழைய மரத்தை மறுபடி உபயோகிப்பதிலும் பாவமில்லை. லாரி பேக்கர் கேரளத்தில் இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடி எடுத்துக் கட்டினார்; மலிவாகக் கிடைத்தது என்பதற்காக. நம்மவர்கள் விலை அதிகம் என்பதற்காக வாங்குகிறார்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் பல ஊர் வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது தன்னை அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொள்கிறது. எந்த வீடு யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதியும் வைத்திருக்கிறது. அந்த நேர்மை போதும். பழவேற்காட்டில் எலும்புக்கூடு செதுக்கிய வாசலுக்குப் பின்னால் டச்சுக்காரர் கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. கல்லறை கல்லறையாக நிற்கிறது. அதில் யாரும் குடியிருப்பதாகப் பாவனை செய்யவில்லை. பாவனை தொடங்கும் இடத்தில்தான் என் சண்டை தொடங்குகிறது.

என் அளவுகோல் மூன்று கேள்விகள்தான். சுவருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா? அடுத்த பழுதைப் பார்க்கத் தெரிந்த கை அந்த ஊரிலேயே இருக்குமா, அந்தக் கைக்குக் கூலி கிடைக்குமா? யார் உள்ளே வரலாம்? முதலாவதற்குச் சுண்ணாம்பு போதும். இரண்டாவதற்குப் பணம் வேண்டும். மூன்றாவதற்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மதில் கட்டுகிறோம்.

இலக்கியப் பத்திரிகையில் வீட்டு மராமத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கக்கூடும். நம் கவிதைகளைத் திருப்பிப் பாருங்கள். திண்ணை, முற்றம், அரிக்கேன் விளக்கு, பாட்டியின் பாக்குவெட்டி. இவை எல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய சாமான்கள். ஒரு வாழ்க்கை இடிந்தபின் அதிலிருந்து பிரித்தெடுத்து, எண்ணெய் பூசி, நம் நவீன வரிகளுக்கு நடுவே நட்டுவைத்திருக்கிறோம். அவை எந்த பாரத்தையும் தாங்கவில்லை. மேலே கூரையைத் தாங்குவது கான்கிரீட். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவனைப் பற்றி இருபது கவிதை இருக்கிறது. அதன் எதிரே தெருவில் நின்றவனைப் பற்றி எத்தனை? அந்தத் தெருவில் செருப்போடு நடக்கவே முடியாதவனைப் பற்றி? 'கிராமியம்' என்று நாம் சொல்லிக்கொள்வதன் மதில் எத்தனை அடி உயரம் என்று ஒரு தடவையாவது அளந்து பார்க்க வேண்டாமா?

கட்டுரை வாசித்த நண்பர் என் வீட்டையும் அதுபோல் ஆக்கி, எழுத்தாளர்கள் வந்து தங்கி எழுதும் இடமாக்கலாம் என்று யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் வீட்டில் இப்போது இடமில்லை. பின்கட்டில் ஆலைப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓட்டைத் தூக்கி ஜன்னல் வைத்தேன், ஆஸ்பெஸ்டாஸ் போடவில்லை. இதனால் நான் உத்தமன் ஆகிவிடவில்லை, வாடகை வாங்குகிறேன். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசி முடிய இன்னும் ஒரு கோடை ஆகும்.

வேலை நாளில் நடுப்பகலில் மேஸ்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். திண்ணை அவர் கையால் மெழுகியது. இங்கே வந்து உட்காருங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். "இருக்கட்டுங்க, இங்கதான் காத்து" என்கிறார். அந்த மரத்தடியில் காற்று வருவதில்லை. என் பாட்டன் காலத்தில் அவருடைய அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்தார். இந்த விரிசலுக்குப் பூச எந்தக் காரையும் எனக்குத் தெரியாது. நண்பர் அடுத்த முறை திண்ணையைப் பற்றி எழுதும்போது இங்கிருந்து தொடங்கட்டும்.