மானும் அதன் நிலமும்

நிழற்படக் கலை இன்று எல்லார்க்கும் உரிய கலையாகிவிட்டது. முன்னாளில் செல்வர் சிலரிடமே இருந்த கருவி, இந்நாளில் கைப்பேசியினுள் அடங்கிக் கிடக்கிறது. ஆயினும், கருவி எளிதிற் கிடைத்தமையால் கலையும் எளிதாயிற்று என எண்ணுதல் கூடாது. நல்ல படம் இன்னது, அல்லாதது இன்னது எனப் பகுத்தறியும் ஆற்றல் பயிற்சியால் வருவது. மானின் படத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைப்பற்றிச் சில கூறுவோம்.

படம் எடுப்பவர் இரண்டு இடங்களில் எல்லை வகுக்கின்றார். எடுக்கும்பொழுது காட்சியில் எவ்வளவு அடங்க வேண்டும் என வரையறுப்பது ஒன்று. எடுத்த பின்னர் வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்குவது மற்றொன்று. இவ்விரண்டிலும் கைக்கொள்ள வேண்டிய நெறி ஒன்றே: ஓரத்தை வெட்டலாம், உண்மையை வெட்டலாகாது.

நம் முன்னோர் அகப்பொருளுக்கு முதல், கரு, உரி என மூன்று உறுப்புகளை வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும் பிறவும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். முல்லை நிலத்தின் கருப்பொருள்களுள் மானும் ஒன்று. செய்யுளுக்கு வகுத்த இம்முறை மான்படத்திற்கும் பெரிதும் பொருந்துகிறது.

முதலில் மானை நோக்குவோம். படத்தின் உயிர் மானின் கண்ணில் இருக்கிறது. அது தெளிவாக விழவேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் மான் குறுகித் தோன்றும். முழந்தாளிட்டு, அதன் கண்ணின் உயரத்திற்குக் கருவியைத் தாழ்த்தி எடுத்தால், அதன் நிமிர்வும் பெருமிதமும் விளங்கும். மான் எப்பக்கம் நோக்குகிறதோ அப்பக்கத்தில் வெற்றிடம் மிகுதியாக விடவேண்டும். அவ்வாறு விடாவிடில், சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் மான் தோன்றும்.

முகத்தை மட்டும் காட்ட விரும்பினால் கழுத்தளவிலோ மார்பளவிலோ தயங்காமல் வெட்டலாம். முழு உருவத்தைக் காட்டப் புகுந்து குளம்புகளை மட்டும் வெட்டுதல் பிழை. காதின் நுனியும் கொம்பின் நுனியும் எவ்வகைப் படத்திலும் காக்கத்தக்கவை. ஆண் புள்ளிமானின் கொம்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று முனைகளை உடையது. அக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ முறுக்குண்டது, உதிராதது. நுனி போய்விட்டால், இவ்வேறுபாடுகளை அறிய விழைபவர்க்குப் படம் பயன்படாது போகும்.

வெட்டுதலே குற்றம் என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. வெட்டுதலால் மானுக்கு ஒரு பெருநன்மை உண்டு. மான் அச்சமிக்க உயிர். நாம் நெருங்கினால் அது மேய்ச்சலை விட்டுத் தலை நிமிர்த்தும். செவியை நம்பக்கம் திருப்பும். முன்காலால் தரையைத் தட்டும். வாலை உயர்த்தி ஓடும். புள்ளிமான் தன் இளங்கன்றைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் செல்வது வழக்கம். அவ்விடத்தில் நாம் நெடுநேரம் நின்றால் தாய் கன்றிடம் வர அஞ்சும். ஆதலின் தொலைவிலேயே நின்று எடுத்து, பின்னர் ஓரங்களை வெட்டி உருவத்தைப் பெரிதாக்குவதே அறம்.

அதற்கும் ஓர் அளவு உண்டு. அகலத்தில் 6000 புள்ளிகளும் உயரத்தில் 4000 புள்ளிகளும் கொண்ட படம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் மொத்தம் 240 இலட்சம் புள்ளிகள் உள்ளன. இருபக்கமும் பாதியாக வெட்டினால் எஞ்சுவன 60 இலட்சமே. அங்குலத்திற்கு 300 புள்ளியாக அச்சிட்டால், 10 அங்குல அகலமுள்ள நல்ல படம் கிடைக்கும். மீண்டும் பாதியாக்கினால் 15 இலட்சம் புள்ளிகளே மிஞ்சும். படமும் 5 அங்குலமாகச் சுருங்கும். இக்கணக்கை அறிந்தவர், காலால் நெருங்க வேண்டிய தொலைவைக் கத்திரியால் நெருங்கிக் கொள்வார்.

இனி, நிலத்தையும் பொழுதையும் நோக்குவோம். தமிழகத்தில் காட்டுயிர்களைப் படமெடுத்தும் அவற்றைப்பற்றி எழுதியும் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). இவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், 1970ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வண்ணப்படம் பரவிய காலத்திலும் இவர் கறுப்பு வெள்ளைப் படத்தையே பெரிதும் போற்றினார். கறுப்பு வெள்ளையில் நிறத்தின் துணை இல்லை. ஒளியும் நிழலும் உருவமுமே பேசவேண்டும். இலைகளின் ஊடே விழும் வெயிற்புள்ளிகளோடு மானின் புள்ளிகள் கலந்து, மான் இருப்பதே தெரியாமல் மறைவதைக் கண்டால், அப்புள்ளிகளின் பயன் விளங்கும். சுற்றியுள்ள நிழலை முற்றும் வெட்டிவிட்டால், புள்ளி வெறும் அணிகலனாய் நின்றுவிடும்.

உரிப்பொருளும் இத்தகையதே. மந்திகள் மரத்தின்மேல் இருந்து தழைகளையும் கனிகளையும் உதிர்க்க, கீழே புள்ளிமான்கள் கூடி அவற்றைத் தின்னும் காட்சி நம் நாட்டுக் காடுகளில் உண்டு. புலி வருவதை ஓரினம் கண்டு குரல் கொடுத்தால் மற்றோரினமும் விழிப்படையும். இக்காட்சியை எடுத்து, மானே போதுமென்று மேற்பகுதியை வெட்டியவர், அம்மான் அங்கு வந்ததன் காரணத்தையே வெட்டியவர் ஆவார்.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. சென்னைக் கிண்டியில் உள்ள தேசியப் பூங்கா 1978இல் அந்நிலை பெற்றது. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய அப்பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. சுற்றிலும் மாநகரம் சூழ்ந்திருக்கிறது. அங்கு எடுத்த படத்தில் வேலியையும் கட்டடத்தையும் வெட்டியபின், ‘அடர்ந்த கானகத்தில் மான்’ என்று பெயரிட்டால் அது பொய். வேலியை நீக்குவதா வைப்பதா என்பது கலைஞரின் உரிமை. எடுத்த இடத்தைப் படத்தின்கீழ் உள்ளவாறு எழுதுவது அவருடைய கடமை.

அழகு கிடைத்தால் போதாதா, உண்மை எதற்கு என்பர் சிலர். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் எகிப்திய பிரமிடுகளின் படம் ஒன்றை அட்டையில் வெளியிட்டது. அகலமான படத்தை நீண்ட அட்டைக்குப் பொருத்தும்பொருட்டுப் பிரமிடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்குமாறு மாற்றப்பட்டன. அட்டை அழகாகவே இருந்தது. எனினும் உலகம் குறை கூறியது; இன்றளவும் அச்செயல் பிழைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. கல்லாலான பிரமிடுக்கே இவ்வளவு என்றால், உயிருள்ள மானுக்கு எவ்வளவு வேண்டும்? மான்கள் கானகத்தில் இனிதே வாழ்கின்றன எனப் படங்கள் பொய்யுரைத்தால், அவற்றின் நிலம் சுருங்குவதை எவர் அறிவர்? அறியாதவர் எவ்வாறு காப்பர்?

மாணவர்களே! கத்திரிப்பதற்குமுன் ஒரு பயிற்சி செய்யுங்கள். கெட்டியான அட்டையில் ‘ட’ வடிவாக இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றை அச்சிட்ட படத்தின்மேல் எதிரெதிராக வைத்து, நெருக்கியும் அகற்றியும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எது போயிற்று, எது நின்றது எனக் குறித்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில் உள்ளது வடக்கனந்தல். அவ்வூர் மாணவர் ஒருவர் காட்டோரத்தில் மான் ஒன்றைக் கண்டு படமெடுத்தால், அப்படத்தில் மானின் கண்ணோடு அம்மலையின் ஒரு சாயலும் இருத்தல் வேண்டும். அப்படமே பின்வருவோர்க்கு, இம்மலையில் இம்மான் வாழ்ந்தது என்று சான்று பகரும்.