கோபுரத்தில் ஆள் வேண்டும்!

“ஆகாய விமானம் பறந்தால் நமக்கென்ன, நின்றால் நமக்கென்ன? நடவுக்குப் போகிறவனுக்கும் மில்லுக்குப் போகிறவனுக்கும் அதில் என்ன சம்பந்தம்?” என்று தோழர்கள் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் பறக்கிற விமானங்களில் மிராசுதார்கள் மட்டுமா போகிறார்கள்? தஞ்சை ஜில்லாவில் காணி நிலம் இல்லாதவன் மகனும் வட்டிக்குக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, கட்டிட வேலைக்கு அதில்தான் போகிறான். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமிட்டது. உள்ளே 141 பேர். இரவு 8.15-க்குப் பத்திரமாக இறங்கியது. விமானியின் திறமையைப் பத்திரிகைகள் பாராட்டின, அது நியாயமே. ஆனால் அத்தனை நேரமும் கீழேயிருந்து பாதையை ஒழுங்கு செய்து கொடுத்த கட்டுப்பாட்டாளர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

அவர்கள் யார்? விமான நிலையக் கோபுரத்திலும் ராடார் திரைக்கு முன்னாலும் உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது ஏறலாம், எந்த உயரத்தில் போகலாம், எப்போது இறங்கலாம் என்று சொல்கிற தொழிலாளிகள். ரயிலுக்கு லைன் கிளியர் கொடுக்கிற ஸ்டேஷன் மாஸ்டரைப் போன்றவர்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ரயிலை நிறுத்தி வைக்கலாம், ஆகாயத்தில் விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது.

டில்லியில் நடந்தது என்ன?

2025 நவம்பர் 6-ம் தேதி டில்லி விமான நிலையத்தில் ஓர் இயந்திர அமைப்பு பழுதாயிற்று. ஒவ்வொரு விமானமும் கிளம்புமுன் தன் வழி, உயரம், நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செய்திகளை வாங்கிக் கட்டுப்பாட்டாளரின் திரைக்கு அனுப்புவது அந்த அமைப்பின் வேலை. அது படுத்துவிட்டது. மறுநாள் 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. இயந்திரம் செய்த வேலையைக் கட்டுப்பாட்டாளர்கள் கையால் செய்தார்கள். தாமதம் நேர்ந்தது, விபத்து நேரவில்லை. இதை நாம் மறக்கக் கூடாது.

இது திடீரென்று வந்த இடியா? இல்லை. கருவிகள் மெதுவாகி வருகின்றன என்று கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் 2025 ஜூலையிலேயே எழுத்து மூலம் எச்சரித்திருந்தது. கட்டுப்பாட்டாளர்கள் போதவில்லை, இருப்பவர்கள் களைத்துப் போகிறார்கள் என்று பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. பழுதான பிறகு மந்திரி வந்தார். காரணத்தை ஆராயவும் மாற்று சர்வர்கள் வைக்கவும் உத்தரவிட்டார். முன்பே கேட்டிருந்தால்?

இரண்டாவது இயந்திரம் போதுமா?

மாற்று இயந்திரம் வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2023 ஆகஸ்ட் 28-ல் அங்கே ஒரு விமானத்தின் வழித்திட்டத்தில் ஒரே குறிப்பெயர் கொண்ட இரண்டு இடங்கள் வந்தன: ஒன்று பிரான்சில், இன்னொன்று அமெரிக்காவில். நம் பக்கத்தில் எத்தனை ‘புதூர்’ இருக்கின்றன! தபால்காரர் தாலுகாவைப் பார்த்துப் பிரித்துவிடுவார். இயந்திரம் குழம்பி நின்றுவிட்டது. உடனே இரண்டாவது இயந்திரம் வேலையை எடுத்துக் கொண்டது. அதே கணக்கைப் போட்டு, அதே இடத்தில் அதுவும் நின்றது. அன்று விடுமுறை நாள். பழுது பார்க்க வேண்டிய பொறியாளர் வீட்டில் இருந்தார். அங்கிருந்தபடி முயன்று முடியாமல், அவர் நிலையத்துக்குப் புறப்பட்டு வர வேண்டியதாயிற்று. ஏழு லட்சம் பயணிகளுக்கு மேல் அவதிப்பட்டார்கள்.

படிப்பினை தெளிவு. ஒரே மாதிரி இரண்டு வைப்பது காவல் ஆகாது. வேறு வகையில் இயங்கும் மாற்று வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இயந்திரம் நின்றால் கையால் நடத்தும் பயிற்சி மங்காமல் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். முதலாளித்துவக் கணக்கிலோ சும்மா இருக்கிற மாற்று இயந்திரம் தண்டச் செலவு. ஓய்விலிருக்கிற ஆள் உபரி. மில் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நாலு சைடு பார்த்தவரை எட்டு சைடு பார்க்கச் சொல்லும் அதே கணக்குத்தான். அங்கே நூல் அறும். கோபுரத்திலோ?

அமெரிக்காவைப் பாருங்கள். 1981 ஆகஸ்டில் வேலை நேரத்தைக் குறைக்கவும் சம்பளத்தை உயர்த்தவும் கோரிக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி ரீகன் 11,000 பேருக்கு மேல் டிஸ்மிஸ் செய்து சங்கத்தை நொறுக்கினார். ஆள் பற்றாக்குறை 2025-லும் தீரவில்லை. அந்த ஆண்டு சர்க்கார் கஜானா முடங்கியபோது சம்பளமின்றி அவர்களை வேலை வாங்கினார்கள். கடைசியில் 40 விமான நிலையங்களில் விமானங்களையே குறைக்க உத்தரவிட நேர்ந்தது. அது தொடங்கிய நாள் நவம்பர் 7. டில்லியில் விமானங்கள் தேங்கி நின்ற அதே நாள். தொழிலாளி வர்க்கம் ருஷ்யப் புரட்சியை நினைவு கூரும் நாள்!

நம் மதகின் கதையும் இதுவே

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. 1836-ல் கட்டிய அணை அது. இடிந்த பிறகு பல நூறு கோடியில் புதிது கட்டினார்கள். இடிவதற்கு முன் பராமரிக்க அதில் எத்தனை பங்கு போதும்? ஷட்டரைத் திருப்பும் லஸ்கரும் கரையில் நடந்து கசிவைக் கண்டு சொல்லும் ஆளும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் திரையில் நீர்மட்டம் பார்த்து என்ன பயன்?

திருச்சியில் 2024 ஜனவரி 2-ல் ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட்ட புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். பளபளப்பான கட்டிடம். அதே திருச்சி விமான நிலையம், தனியாரிடம் குத்தகைக்கு விடும் மத்திய சர்க்காரின் 2021-ம் ஆண்டுப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஜனங்களின் பணத்தில் கட்டுவது, லாபத்தைத் தனியாருக்குத் தாரை வார்ப்பது!

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. நல்ல இயந்திரம் வரட்டும். ஆனால் நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: காலியிடங்களை நிரப்பு, கட்டுப்பாட்டாளரின் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் மீற முடியாத வரம்பு கட்டு.

இரண்டு: மாற்று ஏற்பாட்டைக் காகிதத்தில் வைக்காதே, குறித்த காலத்துக்கு ஒரு முறை ஓட்டிப் பார்.

மூன்று: தொழிலாளர் சங்கம் எச்சரித்தால், இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல், அந்தப் பதிலை ஜனங்கள் பார்க்கட்டும்.

நான்கு: விமான நிலையங்களைத் தனியாருக்கு விடாதே.

பழுது வருமுன் அதைக் காண்பவன், அந்த இடத்தில் வேலை செய்கிறவன். அவன் சொல்லைக் கேட்பதே முதல் பாதுகாப்பு. கேட்காத சர்க்காரைக் கேட்க வைப்பது சங்கத்தின் வேலை. கோபுரத்துத் தொழிலாளி தனித்து நிற்க வேண்டாம். மில் வாசலும் வயல் வரப்பும் அவன் பக்கம் நிற்கட்டும்!