என்பு பொருந்தினால் எல்லாம் முடிந்துவிட்டதா?



மாங்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, முள்ளந்தண்டு முறிந்த பிள்ளையொன்று சில மாதங்களுக்குப் பிறகு பாடசாலைக்குத் திரும்பியது. பெயர், வகுப்பு வேண்டாம். "ஒபரேஷன் செஞ்சாச்சி சேர், டொக்டர் நடக்கச் சொல்லிட்டார், இனிப் பயமில்ல" என்றார் வாப்பா. நாமும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அத்தோடு மறந்தும் போனோம். சாய்மானம் இல்லாத வாங்கில் எட்டுப் பாடவேளையும் இருத்தினோம். மேல் மாடிக்கு மேசை தூக்க ஆள் தேடியபோது அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டோம். கூட்டாளிமார் முன்னால் முடியாது என்று சொல்ல வெட்கம், தூக்கியது. அடுத்த நாள் வரவில்லை.

தவறு எம்முடையது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சத்திரசிகிச்சையில் திருகாணியும் கம்பியும் வைத்து நிறுத்துவது முறிந்த என்பைத்தான். என்பு சில மாதங்களில் பொருந்திவிடும். ஆனால் இரண்டு முள்ளென்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் கதை வேறு. வளர்ந்தவரின் டிஸ்க்குக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள என்பின் மெல்லிய தகட்டினூடாக ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. விழுந்த வேகத்தில் அந்தத் தகடும் உடைந்திருந்தால் டிஸ்க்குக்குப் போகும் ஊட்டம் குறையலாம். அது மெல்ல மெல்ல நீர் வற்றித் தட்டையாகலாம். கம்பி வைத்த இடம் அசையாததால், பக்கத்து டிஸ்க்குகளுக்குப் பாரம் கூடவும் இடமுண்டு. இதெல்லாம் ஒரு மாதத்தில் தெரிவதில்லை, வருடக்கணக்கில் தெரிவது. வளர்கிற வயதென்றால் முதுகு கூனுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் தேய்ந்து தெரிகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை. பல பிள்ளைகள் நன்றாகவே வாழ்கிறார்கள். பயத்தில் பிள்ளையை வீட்டில் படுக்க வைப்பதும் பிழைதான். டிஸ்க்குக்கு ஊட்டம் போக அசைவும் உதவுகிறது. நடையும் பிசியோதெரபி உடற்பயிற்சியும் அதற்கு நல்லது.

எமது வேண்டுகோள் பெற்றோருக்கு முதலில். வலி இல்லை என்பதற்காகக் கிளினிக்கை விடாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பின்னர் கம்பியை எடுக்க வேண்டி வரும், அதை முடிவு செய்வது அங்கேதான். அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் இலவசம். ஒருநாள் கூலி போகிறதே என்ற கஷ்டம் எமக்கும் விளங்குகிறது, ஆனால் பிள்ளையின் நாரிக்கு இன்னும் ஐம்பது வருட வேலை இருக்கிறது. டொக்டரைக் கேட்காமல் எண்ணெய் போட்டு இழுத்து உருவ விடாதீர்கள். காலில் விறைப்பு, பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமை, காய்ச்சலோடு முதுகுவலி என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். வளர்ந்த பையன்கள் சிகரெட்டைத் தொடவே கூடாது, அது டிஸ்க்கையும் கெடுக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. சாய்மானமுள்ள ஒரு கதிரை. பாடவேளைக்கு ஒரு தடவை எழுந்து நிற்க அனுமதி. புத்தகங்களில் பாதியை வகுப்பு அலுமாரியில் வைக்க இடம். விளையாட்டு மைதானத்துக்கு எப்போது போகலாம் என்று டொக்டரின் கடிதம். பிள்ளை கேட்கும் வரை காத்திராமல் நாமே செய்தால் அதற்கு வெட்கம் இருக்காது.

பள்ளிவாசலுக்கு வரும் பெரியவர்களுக்கும் ஒன்று. முடியாதவர் இருந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை கதிரையில் இருந்து தொழுதால் முறைத்துப் பார்க்காதீர்கள். அந்தச் சட்டைக்குள் என்ன தழும்பு இருக்கிறதென்று எமக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை இப்போது வகுப்பில், சாய்மானக் கதிரையில் இருக்கிறது. நாம் முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கதிரை அது. உங்கள் வீட்டில், வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தாமதிக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.