பழப்பாகுப் பணியாரமும் பழிப்புரையும்

'ஒரு' என்னும் பொருளுடைய செருமானியச் சிறுசொல் ஒன்றின் ஆட்சியை அறியாதார் கட்டிவிட்ட பொய், நாற்பது ஆண்டுகளாக உலகைச் சுற்றி வருகின்றது. 1963 சூன் 26-ஆம் நாள் மேற்குப் பெர்லினில், அமெரிக்கத் தலைவர் கென்னடி "இக் பின் ஐன் பெர்லினர்" என்று முழங்கினார். 'யானும் பெர்லின் குடியே' என்பது பொருள். 'ஐன்' சேர்ந்ததால் அது 'யான் ஒரு பழப்பாகுப் பணியாரம்' என்றாகி, கூட்டம் கொல்லெனச் சிரித்ததாம்! 1983-இல் இலென் டெய்ட்டனின் நெடும்புனைவில் தலைகாட்டிய இப்பிதற்றலை, 1988-இல் நியூயார்க்கு டைம்சு இதழும் அச்சேற்றியது.

அப்பணியாரம் யாது? புளிக்கவைத்த கோதுமை மாவுருண்டையைக் காய்ந்த கொழுப்பில் மிதக்கவிட்டு இருபுறமும் பொரித்தெடுப்பர். கொழுப்பில் அமிழாத இடுப்புப் பகுதி வெளிறிய வளையமாய் நிற்கும். உள்ளே பழப்பாகு செலுத்தி, மேலே சருக்கரை தூவுவர். ஆண்டிறுதி இரவில், பாகுக்கு மாறாகக் கடுகு விழுது அடைத்த ஒன்றை நடுவே கலந்துவைத்து விருந்தினரை ஏய்ப்பதும் உண்டு. செருமனியின் வடக்கிலும் மேற்கிலும் இதன் பெயர் 'பெர்லினர்'. பவேரியாவிலும் ஆத்திரியாவிலும் 'கிராப்பன்'. எசன் பகுதியில் 'கிரெப்பல்'. பெர்லின் மக்களோ 'பன்கூகன்', அஃதாவது சட்டிப்பணியாரம் என்பர். மணப்பாறையில் முறுக்கு வாங்குவோர் 'முறுக்கு' என்றுதானே கேட்பர்? ஊர்ப்பெயரை ஒட்டுவோர் வெளியூரார். தம் வாயில் வழங்காத பெயரை எண்ணிப் பெர்லினார் எங்ஙனம் சிரித்திருப்பர்?

இனி, இலக்கணம். ஊரையோ தொழிலையோ வாளா கூறுங்கால் செருமானியர் 'ஐன்' சேர்ப்பதில்லை; உருவகமாகக் கூறுங்கால் சேர்ப்பர். நடிப்பே தொழிலாக உடையவனைச் சுட்ட அச்சொல் வேண்டா. நடிகனைப் போல் பாசாங்கு செய்வானைச் சுட்ட வேண்டும். புரூக்கிளைனில் பிறந்த கென்னடி அதனை விட்டுச் சொல்லியிருப்பின், பெர்லினே தம் ஊர் எனப் பொய்யுரைத்தவர் ஆவார். மொழியறிஞர் யூர்கன் ஐக்காப் 1993-இலேயே இதனை விளக்கிவிட்டார். நகையாடுவோர்க்கு அது செவிப்படவில்லை போலும்!

1961-இல் எழுந்த சுவரால் வளைக்கப்பட்டு, உற்றாரைப் பிரிந்து நின்ற மக்கள், தமக்குத் துணையுண்டு என்று கேட்டு ஆர்த்த ஆர்ப்பை எள்ளலாகத் திரிப்பது கொடுமை அன்றோ? அன்றைய ஒலிப்பதிவு இன்றும் உளது. அத்தொடருக்கு எழுந்தது ஆரவாரமே. சிரிப்பு எழுந்தது அடுத்த நொடியில்: தம் செருமானியத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னமைக்காக மொழிபெயர்ப்பாளர்க்குக் கென்னடி நன்றி கூறியபோது.